மலைச்சாலைத் தாங்குசுவர்: பலகைக் கணக்கும் கம்பிக் கணக்கும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலை, ஒருபுறம் வெட்டிய சரிவும் மறுபுறம் பள்ளமுமாகச் செல்வதால், மண்ணைத் தடுத்து நிறுத்தும் தாங்குசுவர்கள் இல்லாமல் மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். அச்சுவரைக் கான்கிரீட்டில் எழுப்பும்போது, மதிப்பீட்டாளர் கான்கிரீட்டைக் கனமீட்டரிலும், அதற்கு உருக்கொடுக்கும் பலகையடைப்பை, அதாவது தொழிலாளர் 'சென்ட்ரிங்' என்று சொல்வதை, கான்கிரீட் தொடும் பரப்பின் சதுர மீட்டரிலும், கம்பியைக் கிலோவிலும் அளக்கிறார்.

10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் சராசரி 25 செ.மீ. கனமும் கொண்ட சுவர், 1.8 மீட்டர் அகலமும் 30 செ.மீ. கனமும் உள்ள அடித்தளத்தின் மேல் நிற்பதாகக் கொண்டால், கான்கிரீட் 12.9 கனமீட்டர் ஆகும். பலகைப் பரப்போ இரு முகங்களுக்கு மட்டுமே 60 சதுர மீட்டர், ஓரங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 68.6. சுவரின் கனத்தைக் கூட்டினால் பலகைச் செலவு அதிகம் ஏறாது. உயரத்தைக் கூட்டினாலோ பரப்போடு, இறுகாத கான்கிரீட் பலகையை நெருக்கும் அழுத்தமும் ஏறுகிறது. 3 மீட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் அது சதுர மீட்டருக்கு 7 டன்னைத் தாண்டும் என்பதாலும், மலைக்குளிரில் கான்கிரீட் மெதுவாகவே இறுகும் என்பதாலும், அனுபவமுள்ள மேஸ்திரி உயரத்தைப் பகுதி பகுதியாகவே ஊற்றச் சொல்வார். சுவர்ப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம் என்னும் ஐ.எஸ். 456 விதியும் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத நிலைக்கே உரியது. மார்கழி இரவுகளில் பலகை கூடுதல் நாள் நிற்க, வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

சுவர் எந்தப் பக்கத்தில் எழுகிறது என்பதே செலவை அதிகம் மாற்றுகிறது. மேற்சரிவுச் சுவரின் பின்முகத்தில் ஆள் நின்று பலகை அடிக்க வேண்டுமானால் மலையை இன்னும் வெட்ட வேண்டும். வெட்டாமல் மண்ணையே அடைப்பாகக் கொண்டால், முன்பலகையைப் பின்பலகையோடு பிணைக்க வழியின்றி, முழு அழுத்தத்தையும் சாலையில் ஊன்றிய சாய்வு முட்டுகளே தாங்க வேண்டும். பள்ளத்துப் பக்கத்திலோ முட்டு ஊன்றவும் தரை இல்லை. சரிவிலிருந்து சாரம் கட்டியாக வேண்டும். வளைவில் அகன்ற தகடு பொருந்தாததால் தச்சர் குறுகிய பலகைகளை ஒவ்வொன்றாக இழைத்துச் சேர்க்கிறார். அப்பலகைகள் அடுத்த சுவருக்கு அநேகமாக உதவுவதில்லை.

கம்பிக்கு, விட்டத்தை மி.மீ.யில் வர்க்கமாக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும், 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ. ஆனால் வழக்கமான 12 மீட்டர் நீளக் கம்பியை நேராக ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாது. நடுவில் மடக்கிச் சிறு லாரியில் ஏற்றி, மேலே நிமிர்த்தி, நிமிராத மடிப்பை வெட்டிக் கழிக்க நேர்வதால், ஏற்றுகூலியையும் சேதாரத்தையும் தனி வரியாகக் காட்டுவதே நேர்மையான மதிப்பீடாகும்.

கம்பி கட்டுபவர் குந்தி அமர்ந்து, மடித்த கட்டுக்கம்பியைச் சந்திப்பில் கோத்துக் கொக்கியால் இரண்டு சுழற்று சுழற்றி இறுக்குகிறார். 15 செ.மீ. இடைவெளியில் பின்னினால், மேற்சொன்ன சுவரின் ஒரு முகத்திலேயே 1,300க்கு மேற்பட்ட சந்திப்புகள் உண்டு. கட்டுக்கம்பியும் இவ்வுழைப்பும் பொதுவாகக் கம்பியின் கிலோ விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அவ்விலையைக் குறைத்துப் பேசும்போது முதலில் குறைவது கட்டுபவரின் கூலியே.