பயன் போனபின் வந்த விலை

பழம்பொருள் வணிகர் என்றதும் நம்முள் ஓர் ஐயம் எழுகின்றது. பிறர் மரபை விற்றுப் பிழைப்பவரோ இவர்?

ஜப்பானியரின் கிமோனோவில் சட்டைப்பை இல்லை. ஆதலின் ஆடவர் மருந்துச் சிமிழையும் புகையிலைப் பையையும் இடைக்கச்சிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டனர். கயிறு நழுவாதிருக்க அதன் மறுமுனையில் கட்டிய சிறு குமிழே நெட்சுகே. விரலளவு மரத்திலும் தந்தத்திலும் எலியையும் துறவியையும் நுட்பமாகச் செதுக்கினர் கைவினைஞர்.

1868இல் மெய்ஜி ஆட்சி பிறந்தது. மேனாட்டு உடை பரவிற்று; அதனோடு பையும் வந்தது. 1876இல் சாமுராய்கள் பொதுவிடத்தில் வாள் தரிப்பது தடை செய்யப்பட்டது. குமிழும் வாளின் கைக்காப்பும் படிப்படியாக வேலை இழந்தன. விலைப்பொருளாகி மேற்கே கப்பலேறின.

1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்ற ஹயாஷி தடமசா, அங்கேயே கலைப்பொருள் வணிகரானார். நாட்டின் செல்வத்தை அயலாருக்கு விற்றவர் என்று தாயகத்தில் பழிக்கப்பட்டார். ஆயினும், தாம் விற்றவற்றின் பொருளை அயலாருக்கு எடுத்துரைத்தவரும் அவரே. மேலைநாட்டு ஓவியங்களைத் திரட்டி ஜப்பானில் அருங்காட்சியகம் அமைக்க விழைந்தார்; அது கைகூடுமுன் 1906இல் மறைந்தார்.

பழியை அவர்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகுமா? வணிகர் வாங்குமுன், அப்பொருள்களை வேண்டாதவையென ஒதுக்கிய கைகள் இருந்தன அல்லவா?

ஆடையில் உரசி உரசி மழமழப்பான நெட்சுகேயை இன்றும் வணிகர் போற்றுகின்றனர். யாரோ ஒருவர் நாள்தோறும் அணிந்த தேய்வுக்கும் அங்கே மதிப்புண்டு. அம்மதிப்பை அந்நியர் வந்து சொல்லுமுன் உணர்வதே உரியவரின் கடன் என்று நமக்குத் தோன்றுகின்றது.