ஒரு கிக்கரும் இரண்டு மாவட்டங்களும்

யெஸ்டி மோட்டார் சைக்கிளில் கியரும் கிக்கரும் ஒரே கம்பிதான் என்று சொன்னால் எங்கள் ஆபீஸ் பையன்கள் நம்புவதில்லை. 'சும்மா கதை விடாதீங்க சார்' என்கிறார்கள். அவர்கள் கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், வண்டி கிளம்பிவிடும். சில வண்டிகளில் கிக்கர் என்ற அங்கமே கிடையாது. மனிதனுக்கு வால் போன மாதிரி போய்விட்டது.

கதை இல்லை, நிஜம். இடது கால் பக்கம், முன்னால் நீட்டியிருக்கும்போது அது கியர். எஞ்சினை நோக்கி உள்ளே அமுக்கி, மேல்வழியாகப் பின்னால் திருப்பினால் கிக்கர். உதைத்து முடித்ததும் பழையபடி முன்னால் கொண்டுவந்தால் மறுபடி கியர். பகலில் கிளார்க்காகவும் சாயங்காலம் கணவராகவும் ஒரே ஆள் இருப்பதில்லையா, அந்த மாதிரி.

இந்த யோசனை செக் நாட்டு ஜாவா கம்பெனியிடமிருந்து வந்தது. ஜாவா என்றால் தீவு இல்லை. ஜானசெக் என்பவரின் பெயரில் முதல் எழுத்தும், வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் பெயரில் முதல் எழுத்தும் சேர்ந்து 1929-ல் ஜாவா ஆனது. 1961-ல் மைசூரில் தயாராக ஆரம்பித்து, 1973-லிருந்து யெஸ்டி என்ற பெயரில் ஓடி, 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் புது அவதாரம் எடுத்தன. பட்டன் வைத்த அவதாரம். அந்த ஒற்றைக் கம்பி மட்டும் திரும்பி வரவில்லை.

என் சித்தப்பாவிடம் பழைய அவதாரம் ஒன்று இருக்கிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. 250 சிசி, ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தோண்டினால், பல கோடி வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த ஜீவராசிகள் கல்லாகிக் கிடைக்கும். சித்தியைக் கேட்டால் திண்ணையை அடைத்துக்கொண்டு நிற்கும் யெஸ்டியும் அந்த ஜாதிதான் என்பாள்.

கோளாறு கிக்கரில். உதைத்தால் போகும், திரும்பி வராது. நாய் வால் போலத் தொங்கும். மற்ற வண்டியென்றால் தொங்கட்டும் என்று ஓட்டலாம். இதில் அதே கம்பிதானே கியர்? ஒவ்வொரு முறையும் குனிந்து, கையால் தூக்கிவிட்டு, முன்னால் திருப்ப வேண்டும். எழுபது வயதுக்குமேல் இது ஆகிற காரியமா? காயலான் கடைக்காரர் வந்து பார்த்து, எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சித்தி சரி என்றாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணியை எடுத்து டேங்க்கைத் துடைத்தார். அந்தத் துடைப்பைப் பார்த்த பிறகு நான் ஊர் திரும்ப முடியுமா?

யெஸ்டியைப் பிரிக்கத் தெரிந்தவர் பெரம்பலூரில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். முப்பது கிலோமீட்டர். டாட்டா ஏஸில் ஏற்றினோம். கழற்றி மாட்டுவதில் இந்த இரண்டு ஊர்களுக்கும் அனுபவம் உண்டு. 1995-ல் திருச்சியிலிருந்து கழற்றிப் பெரம்பலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2001-ல் அதிலிருந்து அரியலூரைக் கழற்றினார்கள். 2002-ல் திரும்ப மாட்டினார்கள். 2007-ல் மறுபடி கழற்றினார்கள். வீட்டை விட்டு நகராமலே சித்தப்பா நாலு தடவை மாவட்டம் மாறியவர்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட சித்தப்பாவின் வயசு. பட்டறை என்பது ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கூரையும். கிக்கரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் போச்சு. புதுசு கொண்டாந்தியா?"

சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்திருந்தேன். நீட்டினேன். வாங்கவில்லை. தன் வலது கையை விரித்துக் காட்டினார். லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொல்றேன், நீ மாட்டு தம்பி."

"அண்ணே, நான் ஆபீஸ்ல பேனா பிடிக்கிற ஆளு."

"பேனா பிடிக்கிற கை நடுங்காது. உக்காரு."

உட்கார்ந்தேன். கியர் ஆயிலை வடித்து, கம்பியைக் கழற்றி, இடது பக்கக் கவரின் ஸ்குருக்களை எடுத்தோம். ஸ்குருக்களை ஒரு அட்டையில், கவரில் இருந்த அதே வரிசையில் குத்தி வைக்கச் சொன்னார். நீளம் மாறினால் வம்பு. உள்ளே சமாசாரம் எளிது. உதைத்தால் பல் வைத்த ஒரு துண்டு சுற்றி, கிளட்ச்சோடு சேர்ந்த பல்சக்கரத்தைப் பிடிக்கும். அது செயின் வழியாக கிராங்கைச் சுழற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் அந்தத் துண்டு விலகித் தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். கொண்டுவருவது ஸ்பிரிங். நம்முடையது முனையில் ஒடிந்திருந்தது.

புதிய ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஷாப்டில் மாட்டினேன். மறு முனையை அதற்கான இடத்தில் மாட்டினேன். முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

"இப்ப அது சும்மா உக்காந்திருக்கு. சும்மா இருக்கற ஸ்பிரிங் எதையும் இழுக்காது. முறுக்கு ஏத்து."

ஷாப்டைத் திருப்பி ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்றி, அந்த முறுக்கு நழுவாமல் பல் துண்டை அதன் தடையில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். முறுக்கு குறைந்தால் கிக்கர் தொங்கும். அதிகமானால் ஸ்பிரிங் சீக்கிரம் ஒடியும். எவ்வளவு என்று கேட்டேன். "கை சொல்லும்" என்றார். மூக்கு பிளையரைப் பிடித்த மணிக்கட்டில் ஒரு கனம் தெரிந்தது. "அங்கதான், நிறுத்து" என்றார். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவரை மூடுமுன் கம்பியைத் தற்காலிகமாகச் செருகி, இரண்டு வேலையும் செய்கிறதா என்று பார்த்தோம். உள்ளே அமுக்கி இழுத்தால் போய்த் திரும்பியது. விட்டு முன்னால் கொண்டுவந்தால், பின்சக்கரத்தைச் சுற்றச் சுற்ற நாலு கியரும் விழுந்தன. புதுப் பேக்கிங் வைக்கப் போனேன்.

"இரு. எல்லாத்தையும் கழட்டு."

"ஏண்ணே, சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு. இப்ப நீயே மாட்டு. நான் வாய் தொறக்க மாட்டேன். அடுத்த தடவை இது ஒடியறப்ப நான் இருப்பேனான்னு தெரியல. என் பையங்க ரெண்டு பேரும் செல்போன் கடை."

கழற்றினேன். மாட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. சொன்னபடி அவர் வாயைத் திறக்கவில்லை, டீ குடிக்க மட்டும் திறந்தார். கனம் வந்த இடத்தில் கை தானாக நின்றது. கவரை மூடி, ஆயில் ஊற்றி, மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. கிக்கர் துள்ளி மேலே வந்து நின்றது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒடிந்த ஸ்பிரிங்கையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "தூக்கிப் போடாதே. அடுத்து வாங்கறப்ப அளவுக்கு ஆகும்."

சித்தப்பா இப்போது காலையில் பால் வாங்க யெஸ்டியில்தான் போகிறார். பால் பூத் நாலு வீடு தள்ளி. சித்தி காயலான் கடைப் பேச்சை எடுப்பதில்லை. போனில் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏண்டா, அவ்வளவு தூரம் போயி ரிப்பேர் பண்ணினியே, சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சிருக்கக் கூடாதா?"