கழற்றியவை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்ஜொந்தெயில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் என் பழைய சுசுகி எஸ்.வி.650-ஐ எடை பார்த்தேன். குளியலறைத் தராசு இரண்டு. ஒன்று எங்களுடையது, மற்றது பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேய அம்மாவிடம் இரவல் வாங்கியது. முன்சக்கரத்தின் கீழ் 90 கிலோ, பின்சக்கரத்தின் கீழ் 97. மொத்தம் 187. சுசுகி நிறுவனம் முதல் மாதிரிக்குச் சொன்ன எடை 165. பெற்றோல், எண்ணெய், தண்ணீர், பற்றரி எதுவும் இல்லாத எடை அது. எந்த வண்டியும் அந்த எடையில் ஓடியதில்லை.

நான் கணினித் துறையில் ஆலோசகன். ஊரில் பட்டம் முடித்து, முதுகலைக்கு இங்கே வந்து, அப்படியே தங்கிவிட்டவன். நாற்பத்திரண்டு வயதில் ஓடுபாதையில் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று மனைவி கேட்டாள். இன்றுவரை சரியான பதில் என்னிடம் இல்லை.

பாரிசுக்கு வடகிழக்கே, சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், திரம்ப்ளே-ஆன்-பிரான்சில் கரோல் என்ற ஓடுபாதை இருக்கிறது. ஒரு சுற்று இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல். எழுபதுகளில் பாரிஸ் இளைஞர்கள் இரவுகளில் றான்ஜிஸ் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள வீதிகளில் பந்தயம் ஓடினார்கள். பலர் செத்தார்கள். பாதுகாப்பாக ஓட ஓர் இடம் வேண்டும் என்ற போராட்டத்துக்குப் பிறகு 1979இல் இது திறக்கப்பட்டது. றான்ஜிசில் உயிரிழந்த கரோல் என்ற இளம்பெண்ணின் பெயரையே இதற்கு வைத்தார்கள். அந்தக் கதை தெரிந்த பிறகு அங்கே ஒரு வளைவை அசட்டையாக எடுக்க மனம் வராது.

எடை குறைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தவர் லா சப்பலில் மிளகாய்த்தூள் வாங்க நின்ற இடத்தில் அறிமுகமான அண்ணை ஒருவர். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வண்டிகள் எப்படி ஓடின என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வைப்பார்கள். அந்த வித்தையில் கை பழகியவர் அண்ணை.

கழற்றும் வேலை இலேசானது. பக்கக் கண்ணாடிகள், இண்டிகேற்றர்கள், இலக்கத்தகடு தாங்கி, பின்னால் இருப்பவரின் மிதிகள், ஹோர்ன்: எல்லாம் சேர்த்து 4 கிலோ. முன்விளக்கும் அதன் தாங்கியும் 2 கிலோ. பக்க ஸ்ராண்ட் 1 கிலோ. பழைய சைலன்சரும் குழாய்களும் போய் மெல்லியவை வந்ததில் 5 கிலோ. கரோலில் சத்தத்தை அளந்து பார்ப்பார்கள் என்பதால் அங்கே பேராசைப்பட முடியாது. ஈயப் பற்றரிக்குப் பதில் லிதியம், இரண்டரைக் கிலோ. செயினும் பற்சக்கரமும் 1 கிலோ. பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோ. தாங்கியை நிரப்பாமல் எட்டு லீற்றர் குறைத்தால் இன்னும் 6. கூட்ட வேண்டியதும் உண்டு. விழுந்தால் எண்ணெய் ஓடுபாதையில் சிந்தாமல் ஏந்துவதற்கு அடியில் ஒரு தட்டு, முன்னால் நார்க்கண்ணாடி மூடி, இரண்டும் இரண்டரைக் கிலோ. கடைசியில் தராசு 168 காட்டியது.

அன்று வண்டி ஸ்ராட் ஆனது. கியர் போட்டதும் நின்றது. மூன்று மணித்தியாலம் தேடினேன். பக்க ஸ்ராண்ட் கீழே இருக்கும்போது வண்டி நகரக்கூடாது என்பதற்காக அதில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்ராண்டோடு அதையும் கழற்றிவிட்டேன். ஸ்ராண்ட் இன்னும் கீழே இருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடமே, ஏன் இருக்கிறது என்று தெரியாத வரியை அழிக்காதே என்பதுதான். அதை அந்த மூன்று மணித்தியாலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு வேடிக்கை. விளக்கும் கண்ணாடியும் இலக்கத்தகடும் இல்லாத வண்டி வீதியில் ஓட முடியாது. பத்தொன்பது கிலோ குறைத்த மோட்டார் சைக்கிளை ஓடுபாதைக்குக் கொண்டுபோக வான் ஒன்று வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. தானாக நிற்கவும் மாட்டாது என்பதால் நிறுத்திவைக்கும் இரும்புத் தாங்கியையும் கூடவே ஏற்றினோம்.

முதல் தடவை கரோலுக்குப் போகும் முன், அண்ணை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முன் பிறேக்கைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளில் கை வைத்தவர், ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன?”

“அலுமினியம் அண்ணை. பாரம் குறைவு.”

“எவ்வளவு குறையும்?”

நான்கும் சேர்த்து நூறு கிராம்கூட இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். “கண்ணாடியைக் கழட்டலாம், ஹோர்னைக் கழட்டலாம். உன்னை நிப்பாட்டிற சாமானை மெலிய விடாதை.” பழைய உருக்குப் போல்ற்றுகளைத் தானே பூட்டி, முறுக்குவிசைச் சாவியால் இறுக்கிய பிறகுதான் வானில் ஏற்ற விட்டார். அலுமினியம் உருக்கைவிட வலு குறைந்தது. ஒவ்வொரு தடவை பிறேக் பிடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து, ஒருநாள் சொல்லாமல் முறியும். அதைப் படித்திருந்தேன். ஆனாலும் தராசின் எண் என் கண்ணை மறைத்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் அவர் இன்னொரு கணக்கும் சொன்னார். அப்போது நான் 92 கிலோ. தோலுடை, சப்பாத்து, தலைக்கவசம் 10. என்னோடு சேர்த்து மொத்தம் 289 கிலோ ஓடுகிறது. அதில் பத்தொன்பது கிலோ குறைத்தது ஆறரை வீதம்தான். உலகப் போட்டிகளில் மோட்டோ3 வகுப்பில் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்தே நிறுக்கிறார்கள், இரண்டும் சேர்ந்து 152 கிலோவுக்குக் குறையக் கூடாது. “உன்ர வயித்தில எட்டுக் கிலோ குறைச்சால் காசு செலவில்லை” என்றார். சீனி வருத்தம் தொடங்குகிறது என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணை சொன்ன பிறகுதான் இரவுச் சோற்றை நிறுத்தினேன்.

கழற்றியவற்றைச் சமையலறையில் பத்திரிகைத் தாளில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தார்.

“இதையெல்லாம் எறியப் போறியோ?”

“தேவையில்லை அம்மா. பாரம்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கொப்பரும் அப்பிடித்தான் சொன்னவர்” என்றார்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த இரவு. எனக்குப் பதினைந்து வயது. அப்பாவின் ஹொண்டா சி.டி.125-இல் அரிசி, உடுப்பு மூட்டைகள், உறுதிக் கட்டு, அப்பாவின் சாவிப் பை, அம்மாவின் தையல் மெசின் தலை. ஓட இடமில்லாத சனம். மழைக்குள் தள்ளிக்கொண்டு போனோம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட பின் ரயர் காற்றுப் போனது. அப்பா ஒவ்வொன்றாக இறக்கினார். தையல் மெசினை வேலியோரம் வைத்தார். அம்மா அப்போது தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிருந்தார். சாவகச்சேரியில் மூட்டைகளை அவிழ்த்தபோதுதான் அவருக்குத் தெரியும்.

அப்பாவின் கணக்கு பிழை என்று சொல்ல முடியாது. சாவிப் பையை வைத்துச் சைக்கிள் திருத்தித்தான் நாங்கள் சாப்பிட்டோம். மெசினும் இருந்திருந்தால் தானும் உழைத்திருப்பேன் என்பது அம்மாவின் கணக்கு. பல வருடங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அப்பா போய் ஆறு வருடத்துக்குப் பிறகு, ஆர்ஜொந்தெய்ச் சமையலறையில் அம்மா என்னிடம் சொன்னார்: “இறக்கினது பிழையில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அதற்குப் பிறகு நான் எறியவில்லை. அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி, லா சப்பலில் வாங்கிய மின் மெசினில் சின்னச் சின்னப் பைகள் தைத்துத் தந்தார். கண்ணாடிக்கு ஒன்று, இண்டிகேற்றருக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று. எது எங்கே பூட்டுவது என்று எழுதி, போல்ற்றுகளையும் உள்ளே போட்டு வைத்திருக்கிறேன்.

மகனுக்கு இப்போது பதினெட்டு. பன்னிரண்டு வயதில், பள்ளிப் பாரம் கூடுகிறது என்று அவனைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தினோம். நானும் மனைவியும் ஓர் இரவில் எடுத்த முடிவு. அவனைக் கேட்கவில்லை. அந்தச் சமையலறைக் கதைக்குப் பிறகு பல இரவுகள் அது நினைவுக்கு வருகிறது.

போன மாதம் அவன் ஏ2 உரிமத்துக்குப் பதிந்தான். எஸ்.வி.யை 35 கிலோவாற்றுக்குள் கட்டுப்படுத்தி, விளக்கும் தகடும் திரும்பப் பூட்டினால் அவன் அதை வீதியில் ஓடலாம். நிலவறையில் அம்மாவின் பைகளை எடுத்துப் பார்த்தவன், நான் எழுதி ஒட்டியவற்றை எழுத்துக்கூட்டி வாசித்தான். ‘பக்கக் கண்ணாடி’ என்பதை வாசிக்க நேரம் எடுத்தது.

“அப்பா, இதைத் திருப்பிப் போடலாமா?” என்றான்.

போடலாம் என்றேன். முதலில் அதை. பிறகு சனிக்கிழமை வகுப்பைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும்.