எழுபது வளைவு... எட்டுப் பேர்... நாலு பைக்!

கடைசிப் பரீட்சை பேப்பரைக் கொடுத்துட்டு வெளியே வந்த அஞ்சாவது நிமிஷம், காலேஜ் வாசலில் கேட்கிற டயலாக் ஒண்ணு உண்டு. "மச்சி, கொல்லிமலை போலாமா?" எட்டுப் பேர் கை தூக்குவாங்க. வண்டி நாலுதான் தேறும். அடுத்த கேள்வி, "யார் எந்த பைக்?" அங்கேதான் சண்டையே ஆரம்பம்!

சண்டைக்கு முன்னாடி மலையைப் பார்த்துடுவோம். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. அதுதான் அடிவாரம். அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறை ரோட்டில் 40, கல்லட்டியில் 36 என்று சொன்னால் கொல்லிமலையின் கெத்து உங்களுக்கே புரியும். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரியின் குதிரைக்குப் பேரும் ஓரிதான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. அவரோடு மோதிய காரியின் குதிரை, காரி. (பைக்குக்குப் பேர் வைக்கிற பழக்கம் நாம கண்டுபிடிச்சது இல்லை பாஸ்!)

சரி, பைக்குக்கு வருவோம். "150 சிசிக்குக் கீழே இருந்தா மலை ஏறாது மாப்ளே" என்று ஒருத்தன் அடிச்சு விடுவான். நம்பாதீங்க. கொண்டை ஊசி வளைவில் எல்லா வண்டியும் கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில்தான் திரும்பும். அந்த இடத்தில் சிசி பேசாது, உங்க கால்தான் பேசும். எதிரே பஸ் வந்து பாதி வளைவில் நிற்க வேண்டி வந்தால், சரிவில் கால் தரையில் பதியுதா? அதுதான் கேள்வி. ஸ்பிளெண்டர் எடை சுமார் 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். பழைய 411 சிசி ஹிமாலயன் 200 கிலோவைத் தொடும். ஊருக்குள் ரெண்டுமே ஓடும். சரிவில் நின்ற வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பணும்னா எது உங்களுக்கு அடங்கும் என்று நீங்களே சொல்லுங்க. எக்ஸ்பல்ஸ் மாதிரி உயரமான வண்டிக்குத் தரையில் இருந்து இன்ஜின் அடிவரை 220 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கல்லும் பள்ளமுமான மண் பாதையில் அது வரம். ஆனா செம்மேடு வரைக்கும் தார் ரோடுதான். மண் பாதையில் இறங்குற ஐடியாவே இல்லாதவங்க அதுக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

போகிற வண்டியை முந்தின நாளே எடுத்துப் பாருங்க. ஷூ போட்டு ஏறி உட்காருங்க. பின்னால் உட்காரப் போகிறவனையும் ஏத்துங்க. காலேஜ் பக்கத்தில் ஏதாவது மேடு இருந்தால் அதில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்க. மூணு தடவை வண்டி ஆஃப் ஆனால், நீங்க அந்த பைக்கில் பின் சீட்தான். கோபப்படாதீங்க!

இனி சொல்லப் போறதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுறாங்க. மலை ரோட்டில் ஆபத்து பெரும்பாலும் இறங்கும்போதுதான் காத்திருக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் வழுக்கிக்கிட்டு வர்ற பசங்க இருக்காங்க. அப்போ வண்டியின் மொத்த பாரமும் பிரேக் மேலே விழும். அழுத்த அழுத்த சூடு. ட்ரம் பிரேக்கில் லைனிங் சூடானால் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக்கில் இன்னொரு வில்லங்கம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். பழைய ஆயிலில் ஈரம் அதிகம் என்பதால் சீக்கிரமே கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிடும். லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி கைக்கு வந்துடும், வண்டி நிற்காது. ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மெக்கானிக்கிட்ட விடுங்க. சில நூறு ரூபாய் செலவு, ட்ரிப் பட்ஜெட்டில் முதல் வரியா எழுதுங்க.

மருந்து சிம்பிள்தான். எந்த கியரில் ஏறினீங்களோ, அதே கியரில் இறங்குங்க. ரெண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இழுக்கும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ளே பிரேக்கைக் கவ்வாதீங்க. ஸ்கூட்டரில் இப்படிக் கியரைப் பிடிச்சு வைக்க வழியில்லை, மெதுவாப் போகும்போது இன்ஜின் உதவி பெருசாக் கிடைக்காது. அதனால் ஸ்கூட்டரில் ரெண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒருத்தர் வரட்டும், அடிக்கடி நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு வரட்டும்.

மற்றபடி வழக்கமான செக்கிங்தான். டயரில் பட்டன் தேய்ஞ்சிருந்தால் மாத்துங்க, காற்று அளவு பாருங்க, செயினை விரலால் தூக்கினால் ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆடினால் போதும். பெட்ரோலைக் கீழேயே ரொப்பிக்குங்க. லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் முக்கியம். இரவல் வண்டின்னா கூடுதலா முக்கியம். ஹெல்மெட் பின் சீட்டுக்கும் சேர்த்து எட்டு! ஓட்டுறவன் மட்டும் போட்டு நண்பனை மொட்டைத் தலையோட உட்கார வைக்கிறது என்ன நட்பு, சொல்லுங்க?

கேங்கில் யார் முன்னாடி போறது? வழி தெரிஞ்ச, அலட்டாத ஆள். அவருக்கு அடுத்து, கூட்டத்திலேயே மெதுவா ஓட்டுறவர். இது ரொம்ப முக்கியம். அவரைக் கடைசியில் விட்டால், பிடிக்கணுமேன்னு தன் சக்திக்கு மீறி முறுக்குவார். ரெண்டாவதா வந்தால் மொத்த கேங்கும் அவர் வேகத்துக்கு வந்துடும். கடைசி வண்டியில் டூல்ஸ், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி, நல்லா ஓட்டத் தெரிந்த ஆள். ஒவ்வொருத்தரும் கண்ணாடியில் தனக்குப் பின்னால் வர்ற ஒரே ஒரு வண்டியை மட்டும் பார்த்தால் போதும். அது காணோம்னா நிதானிங்க. வளைவைத் தாண்டி அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்க. மலையில் ஒத்தை வரிசைதான், ஜோடி போட்டு அரட்டை அடிக்கிறதெல்லாம் காரவள்ளியோட சரி. குறுகலான இடத்தில் இறங்குற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழி விடணும். இது மரியாதை மட்டுமில்லை, சாலை விதியே அதுதான்.

மேலே போயாச்சு. மிளகு, காபி, பலா என்று வழியெல்லாம் வாசம். அறப்பளீஸ்வரர் கோயிலை எட்டிப் பார்த்துட்டு, பக்கத்தில் இருக்கிற ஆகாய கங்கை அருவிக்கு இறங்காமல் யாரும் திரும்பறதில்லை. சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழுகிற தண்ணீர். சும்மா சொல்லக் கூடாது, அள்ளும்! ஆனா அதுக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கிட்டு அத்தனையும் திரும்ப ஏறணும். ஏறி வந்ததும் தொடை வெடவெடன்னு ஆடும். அந்தக் காலோடதான் நீங்க பின் பிரேக்கை அழுத்தி 70 வளைவு இறங்கப் போறீங்க!

அதனால் அருவியைக் காலையிலேயே முடிச்சிடுங்க. சாப்பிட்டு, ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி லீவரை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. பனியும் இருட்டும் வர்றதுக்குள் இறங்கணும், நாலு மணிக்கு மேல் "இன்னும் ஒரு போட்டோ" என்பவனை மெஜாரிட்டியில் தோற்கடிங்க.

காரவள்ளி வந்ததும் எட்டு டீ சொல்லுங்க. கடைசி வண்டியும் வந்து, எட்டாவது கிளாஸும் காலியான பிறகு நாமக்கல் ரோட்டைப் பிடிக்கலாம்.