குழாய் கற்பித்த பாடம்

சேலத்தில் எங்கள் இல்லத்திற்கு இருவகை நீர்: 1934-இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் காவிரி நீர் ஒன்று, ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் மற்றொன்று. உப்பு நீர் குழாய்களுக்குள் சுண்ணாம்பாய்ப் படிந்து இறுகும். ஒழுகும் குழாய்க்கு வாசர் மாற்றுவது எங்கள் கைவேலையே. அத்துணிவில், சுவரில் ஈரம் படர்ந்தபோதும், கூலியை மிச்சப்படுத்த எண்ணி நாங்களே உளியெடுத்தோம். துருவேறிய இரும்புக் குழாய் திருகியதும் முறிந்தது; சேமித்த தொட்டி நீர் முழுவதும் கூடத்தில் பாய்ந்தது.

ஓடிவந்த பிளம்பர் முதலில் கேட்டது, "கேட் வால்வு எங்கீங்க இருக்குது?" இருபதாண்டுகள் வாழ்ந்த வீடு, விடை தெரியாது நின்றோம்.

கண்முன் ஒழுகுவதை நாம் திருத்தலாம். சுவருக்குள் மறைந்திருப்பதைத் தொழில் கற்ற கைகளிடமே ஒப்படைக்க வேண்டும். அன்று அவர் கேட்ட கூலிக்கு நாங்கள் பேரம் பேசவில்லை.