கொட்டாங்குச்சி முழுகும் வரை

வாளித் தண்ணீரில் கொட்டாங்குச்சி மிதக்கிறது. அடியில் ஊசித்துளை. அதன் வழியே நீர் ஊறி ஏறுவதைப் பேரப்பிள்ளைகள் இருவரும் குந்தியிருந்து பார்க்கிறார்கள். "தாத்தா, எப்ப முழுகும்?" என்கிறாள் சின்னவள். நிபோங் தெபால் பக்கம், பைராம் தோட்டத்து லயத்து வாசலில் இதே கேள்வியை நான் என் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன்.

அவர் கைக்கடிகாரம் கட்டியதில்லை. இருட்டோடு அடிக்கும் பெரட்டு மணிதான் அவருக்கு விடியல். மற்றதெல்லாம் நாழிகைக் கணக்கு. நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம். துளை பெருத்தால் கொட்டாங்குச்சி முந்திக்கொள்ளும். மெழுகு வைத்துக் குறுக்கினால் பிந்தும். அதைச் சரியாக 24 நிமிடத்துக்குப் பழக்க எங்களுக்கு ஒரு பள்ளி விடுமுறையே பிடித்தது. முல்லைப்பாட்டில் வரும் நாழிகைக் கணக்கரும் நீரை அளந்துதான் அரசனுக்குப் பொழுது சொன்னார்கள் என்று பின்னாளில் படித்தபோது, தாத்தாவின் வாளிதான் கண்முன் வந்தது.

60 என்றதும் ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டும் கூடவே வருகிறது. விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். தாத்தா என்னை அங்கே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். "நம்ம குச்சியும் இதே வேலைதான் பாக்குது" என்றார்.

அந்தக் குச்சி எங்கள் வாசலில் நட்டது. 1981 டிசம்பர் விடுமுறை. நிழல் எப்போது மிகக் குறுகுகிறதோ அதுவே உச்சிப்பொழுது. அப்போது மணி 12 இருக்கும் என்று நம்பிக் காத்திருந்தேன். ரேடியோவில் 12 ஆன பிறகும் நிழல் குறுகிக்கொண்டே போனது. நின்றபோது மணி ஏறக்குறைய 12.50. அங்கே ஒரு கல் வைத்தோம்.

அந்த மாதக் கடைசி இரவில், சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். ஜனவரியில் அதே கல்லை நிழல் தொட்டபோது மணி 1.20. நான் திகைத்துப்போனேன். "ஜப்பான்காரன் வந்தப்பவும் இப்படித்தான்டா, டோக்கியோ நேரம்னு ஒன்றரை மணி தள்ளி வச்சான். பொழுது அங்கேயேதான் நின்னுச்சு" என்றார் தாத்தா.

கடிகாரம் மனிதர் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று எனக்கு விளங்கிய நாள் அது. எந்தப் பாடப்புத்தகமும் அதை அப்படி விளக்கியதில்லை.

"முழுகிருச்சு!" வாளியிலிருந்து கூச்சல். 19 நிமிடம். துளை பெருசு, மெழுகு தேடி ஓடுகிறார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்றைக்குப் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து ஒரு குச்சி நடுங்கள். 1.20 வாக்கில் நிழல் குச்சிக்கடியில் ஒடுங்கி மறைவதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.