ஊர் மூட்டிய அடுப்பு

கோவில்பட்டியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்தால், அரைமணி நேரத்தில் எட்டயபுரத்தை அடைந்துவிடலாம். வழியின் இருமருங்கும் கரிசல் நிலம். மழைக்காலத்தில் காலைப் பற்றி இழுக்கும் அம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்துமே இதன் செல்வங்கள். வானத்தை நம்பி விதைத்து, வானத்தை நம்பி வாழும் மக்களின் நாடு இது.

எட்டயபுரத்தின் பெருமையை நம் வாசகர்கள் அறிவார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் துயிலும் ஊர். இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு இறுதி மூச்சை விட்ட ஊர். 1882-இல் பாரதியார் பிறந்த ஊர். வருவோர் பாரதியார் பிறந்த இல்லத்தையும் மணிமண்டபத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நாம் சென்றது இன்னொன்றையும் நினைவுகூர்வதற்காக. 1956-ஆம் ஆண்டு, அன்றைய முதலமைச்சர் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இவ்வூரிலேதான்.

பள்ளியில் உணவிடும் வழக்கம் அதற்கு முன்பே தமிழகத்தில் தலைகாட்டியதுண்டு. 1920-இல் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. ஆனால் சிற்றூர்களின் பசி நீங்கப் பின்னும் பல்லாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. காமராசர் காலத்தில் அரசுக் கருவூலத்தை மட்டும் நம்பி இத்திட்டம் எழவில்லை. முதலில் ஊர் மக்களின் நன்கொடையே உலையில் வீழ்ந்தது. பின்னரே அரசு தன் பங்கைச் சேர்த்தது. கல்வித்துறை இயக்குநராக விளங்கிய நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களைத் தூண்டினார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் கூட்டினார். கரும்பலகையும் மேசையும் சீருடையும் கட்டடமும் ஊரார் கையிலிருந்தே வந்தன.

பாரதியார் இல்லத்தின் அருகே, எண்பதை எட்டும் வயதுடைய பெரியவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. பக்கத்துச் சிற்றூரில் அந்நாளில் மதிய உணவு உண்டு படித்தவர் அவர். "அது சர்க்கார் சோறு இல்லை, சாமி, ஊர்ச் சோறு" என்று தொடங்கினார். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு படிக்கணக்கில் தானியம் அளந்து கொடுப்பார்களாம். கொடுக்க இயலாத தாய்மார் விறகு சுமந்து வந்து பள்ளி வாசலில் இறக்குவார்களாம். ஒரு பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லையென்றால், மாலைக்குள் நான்கு பேர் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களாம். காய்ச்சலா, கூலிக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்காமல் போகமாட்டார்களாம். தாங்கள் அளந்த தானியத்தை உண்ணும் பிள்ளையல்லவா!

இக்கடைசிச் செய்தியே நம் உள்ளத்தில் தங்கிவிட்டது.

மறுநாள் காலை அருகிலிருந்த நடுநிலைப்பள்ளி ஒன்றிற்குச் சென்றோம். எட்டு மணிக்கெல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகள் தட்டுகளுடன் வரிசையாக அமர்ந்திருந்தனர். 2022-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் இது. 2024-இல் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், சிற்றூர்களிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டபோது, நம் பங்குகளைச் சேர்ந்த பிள்ளைகள் பலரும் பயன்பெற்றனர். சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அன்று பொங்கல் கிளறிய பெண்மணியின் மகளே இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். உப்பும் பருப்பும் எவ்வாறு இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை!

உணவு வந்துவிட்டது, ஆயினும் கவலை தீரவில்லை என்றார் தலைமையாசிரியை. வளரும் சிறுமியர்க்கு இரத்தச்சோகை நீங்க, வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கிய ஒரு சிறுமிக்குக் குமட்டல் எடுத்தது. மறுவாரம் பாதிப் பிள்ளைகள் மாத்திரையைச் சாளரத்திற்கு வெளியே எறிந்துவிட்டனர். கழிப்பறையோ கட்டப்பட்டிருந்தது, தண்ணீர் வரவில்லை. அதற்கு அஞ்சிப் பெரிய வகுப்புச் சிறுமியர் காலை முதல் மாலை வரை ஒரு மிடறு நீரும் அருந்தாமல் இருந்தனர். சிறுநீர் எரிச்சலும் தலைவலியும் வந்தன. வருகைப் பதிவேட்டில் இடைவெளிகள் பெருகின.

சுற்றறிக்கைகளால் இந்நிலை மாறவில்லை. ஒருநாள் மாலை கிராமச் செவிலியரும் ஆசிரியைகளும் தாய்மார்களைக் கூட்டினர். உணவுக்குப் பின்னர் உண்டால் குமட்டல் குறையும் என்று விளக்கி, அவர்கள் முன்னிலையிலேயே ஆசிரியைகள் தாமும் ஒரு மாத்திரை விழுங்கிக் காட்டினர். பேச்சு கழிப்பறையின் பக்கம் திரும்பியது. தம் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை அன்றுதான் பல தாய்மார் அறிந்தனர். அடுத்த வாரமே அவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்றனர், குழாய் வந்தது. குழாய் பழுதுபடும்போது யார் யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் பேசி வைத்துக்கொண்டனர்.

அன்புள்ள பெற்றோரே, நம் பிள்ளைகளின் அரிசியும் முட்டையும் மாத்திரையும் இன்று அரசுச் செலவில் பள்ளி வாசலுக்கு வந்துசேருகின்றன. அந்நாளில் தானியத்தோடு சேர்ந்து வந்த விசாரிப்பு மட்டும் எந்த வண்டியிலும் வருவதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். சிறுபான்மையோர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை கூறும் அளவிலேயே அமைகிறது. ஆயினும் நல்ல ஆலோசனை சிறிதன்று. கையொப்பம் இட்டு எழுந்து வருவதற்காகவோ அக்குழு?

அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள். சமைத்த உணவில் ஒரு கவளம் உண்டு பாருங்கள். கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து, வீடு திரும்பும் வழியில் அப்பிள்ளையின் வாசலில் ஒருகணம் நின்று விசாரியுங்கள்.